மலையா, சொந்த ஊரா, செல்லூரா: நெருக்கடியில் எங்கே இருப்பது

"மதுரையைச் சுற்றி எந்த ஊர் பாதுகாப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே எழுதியிருக்கும் விவரங்களைப் பார்த்தால் கேள்வி அது மட்டுமில்லை. மதுரை செல்லூரில் நான்கு பேர் இருக்கும் தரைத்தள வாடகை வீடு, இன்சுலின் போட்டுக்கொள்ளும் அப்பா, மூன்று வயதுக் குழந்தை, மேலூருக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் பாட்டி வீடு, கொடைக்கானல் கீழ்மலையில் யாரோ விலை சொல்லியிருக்கும் 10 சென்ட். வெள்ளமோ தொற்றோ போரோ எது வந்தாலும் இந்த நான்கு பேர் இந்த மூன்று இடத்தில் எங்கே இருந்தால் தேவலை என்பதுதான் நீங்கள் கேட்பது. நிலத்தையும் நீரையும் பார்த்துப் பழகிய கண்ணோடு பதில் சொல்கிறேன். மருத்துவம் என் துறை இல்லை. மருந்து பற்றிச் சொல்வதை மட்டும் டாக்டரிடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முதலில், பயப்பட வேண்டாதவற்றைக் கழித்துவிடலாம். மதுரை கடலிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உள்ளே, கடல்மட்டத்துக்கு 100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சுனாமிக்கும் கடல் பொங்குவதற்கும் இங்கே வேலை இல்லை. நில அதிர்வுக் கணக்கில் மதுரை இரண்டாம் மண்டலம் என்று வைத்துத்தான் கட்டடங்களை வடிவமைத்து வந்திருக்கிறார்கள். அபாயம் மிகக் குறைந்த வகுப்பு அதுதான். கூடங்குளம் நேர்கோட்டில் சுமார் 200 கிலோமீட்டர். அங்கே அவசரகாலத் திட்டம் போட்டிருப்பது 16 கிலோமீட்டர் சுற்றளவுக்கு. புயல் இங்கே வரும்போது பெரும்பாலும் காற்று ஓய்ந்து மழையாகத்தான் வரும். போர் என்றால் நம்மை முதலில் தொடப்போவது குண்டு இல்லை. டீசலும் கேஸ் சிலிண்டரும் ஏ.டி.எம்.மும் செல்போன் டவரும்தான். ஆக, இந்த ஊரில் மிஞ்சுகிற அபாயங்கள் நான்கு: கண்மாய்த் தண்ணீர், தண்ணீரே இல்லாமை, வெயில், ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமை. எந்த இடத்தையும் இந்த நான்கைக் கொண்டுதான் எடை போட வேண்டும்.

வெள்ளம் என்றதும் எல்லோரும் வைகையைப் பார்க்கிறார்கள். ஆறு சொல்லிவிட்டு வரும். வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. திறந்துவிட்ட தண்ணீர் பேரணை, சோழவந்தான் கடந்து மதுரைக்கு வந்து சேர மணிக்கணக்கில் ஆகும். தரைப்பாலத்தை அடைப்பார்கள், கரையோரம் மைக் கட்டிச் சொல்வார்கள். கண்மாய் அப்படி இல்லை. ஊருக்குள்ளேயே இரண்டு மணி நேரம் கொட்டினால் போதும், கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் யாரும் சொல்லாமல் வெளியே மறுகால் பாயும். 2024 அக்டோபர் கடைசியில் செல்லூரில் நடந்தது அதுதான். ஆற்றில் அபாயம் இல்லாத நேரத்தில் செல்லூர்க் கண்மாயும் பந்தல்குடி வாய்க்காலும் சேர்ந்து தெருவை மூழ்கடித்தன. மதுரையில் கண்மாய்கள் சங்கிலி மாதிரி. மேலே உள்ளதன் மறுகால்தான் கீழே உள்ளதன் வரத்து. மேலே ஒரு கரை உடைந்தால் அதன் சுமை முழுவதும் அடுத்ததன் தலையில் விழும். அதனால் உங்கள் வீட்டருகே இருக்கும் கண்மாயை மட்டும் பார்த்தால் போதாது, அதற்கு மேலே இருப்பதையும் பார்க்க வேண்டும்.

இடத்தைச் சோதிப்பதைத் தாளிலிருந்து தொடங்குங்கள். சர்வே எண்ணை வைத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் நிலவகை எழுதியிருக்கும் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பாருங்கள். வருவாய்த்துறையின் இணையதளத்திலும் எடுக்கலாம். உங்கள் எண்ணுக்கு மட்டுமில்லாமல், சுற்றியுள்ள எட்டுப் பத்து எண்களுக்கும் பாருங்கள். எங்கேயாவது ஓடை, வாய்க்கால், கண்மாய்ப் புறம்போக்கு என்றிருந்தால், இன்று அந்த இடத்தில் சிமெண்ட் ரோடே கிடந்தாலும் தண்ணீருக்கு அந்த வழி ஞாபகம் இருக்கும். "பட்டா இருக்கிறது, அதனால் பயமில்லை" என்பது தவறான நம்பிக்கை. பட்டா உடைமையைத்தான் சொல்லும், மேடு பள்ளத்தைச் சொல்லாது. நிலவகையில் நஞ்சை என்றிருந்தால், தண்ணீர் தானாக வந்து சேரும் நிலம் என்று சர்க்காரே எழுதிக் கொடுத்த சான்று அது. வீட்டுக்கு மானாவாரிப் புஞ்சையைத் தேடுங்கள். ஊர்ப் பெயரையும் காது கொடுத்துக் கேளுங்கள். ஏந்தல், தாங்கல், ஊருணி, குளம், நேரி என்று முடிகிற பெயரெல்லாம் சும்மா வைத்ததில்லை. மனை போட்டு விற்பவர் அதன்மேல் 'நகர்', 'கார்டன்' என்று ஒட்டினால் பள்ளம் மேடாகிவிடாது.

பிறகு நேரில் போங்கள். பக்கத்துக் கண்மாயின் கலுங்கு, அதாவது மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கல்கட்டு, எங்கே என்று ஆடு மேய்ப்பவர் யாரைக் கேட்டாலும் காட்டுவார். கலுங்குக் கல்லின் உச்சிதான் அந்தக் கண்மாய் நிறையும் மட்டம். பெருமழையில் தண்ணீர் அதற்கும் மேல் இரண்டடி ஏறி ஓடும். உங்கள் வீட்டுத் தரை அந்தக் கல்லைவிடக் குறைந்தது மூன்றடி உயரத்தில் இருக்க வேண்டும். செல்போனில் உயரம் காட்டும் ஆப்பை இதற்கு நம்பாதீர்கள், பல மீட்டர் தப்பும். பக்கத்திலேயே இருந்தால் கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் போதும். உள்ளே தெரிகிற அரை அங்குலப் பிளாஸ்டிக் டியூப் 30 அடி, உள்ளே ஒரு குமிழிகூட இல்லாமல் தண்ணீர். ஒரு முனை கலுங்கில், மறு முனை 30 அடி தள்ளி ஒரு குச்சியில். தண்ணீர் நிற்கும் இடத்தைக் கோடு போட்டு, அங்கிருந்து அடுத்த 30 அடி. இப்படிப் பத்து முறைக்கு மேல் போனால் பிழை சேர்ந்துவிடும். அதற்கு மேல் தூரம் என்றால் ஆட்டோ லெவல் வைத்திருக்கும் சர்வேயரை அரைநாள் கூப்பிடுங்கள். இடம் வாங்கும் செலவில் அது டீக்காசு.

மேலே சொன்னது உள்வாய்ப் பக்கத்து, அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் தேங்கும் பக்கத்து, வீட்டுக்கு. கரைக்கு வெளியே, தாழ இருக்கும் வீட்டுக்கு மூன்றடிக் கணக்குச் சரிவராது, கரையின் உடல்நிலையைத்தான் பார்க்க வேண்டும். கரை உச்சியில் நடந்தால் எங்கே தாழ்ந்திருக்கிறது என்று தெரியும். மண் திருடியதாலும் மாட்டுவண்டி ஏறி இறங்கியதாலும் விழுந்த பள்ளங்கள் அவை. முதலில் வழிகிற இடமும் அதுதான். மடைக்கு நேர் கீழேயும் அந்தத் தாழ்ந்த பகுதிக்கு நேர் கீழேயும் குடியிருக்காதீர்கள். கண்மாய் நிறைந்திருக்கும் போது வெளிச்சரிவின் அடியில் பாருங்கள். தண்ணீர் தெளிவாகக் கசிந்தால் கவனித்து வந்தால் போதும். கலங்கலாக வந்தால் கரைக்குள்ளிருந்து மண் அரித்து வருகிறது என்று அர்த்தம். நண்டு வளையிலும் எலி வளையிலும் பழைய மர வேர் செத்த துளையிலும் இப்படித்தான் தொடங்கும். கலங்கலைக் கண்டால் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல்லிவிட்டு மேட்டுக்குப் போய்விட வேண்டும். நின்று படம் எடுக்கக் கூடாது. ஒரு கரை எந்த மழையில் உடையும் என்று மட்டும் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. "எங்கள் காலத்தில் உடைந்ததே இல்லை" என்பதும் சான்று ஆகாது. அந்தக் காலத்தில் மேலே இத்தனை தளம் போட்ட மனைகள் கிடையாது. மழை மண்ணுக்குள் இறங்கியது, இன்று நேராகக் கண்மாய்க்கு ஓடுகிறது.

கொடைக்கானல் நிலத்தை நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், அதுவும் உங்கள் குடும்பத்துக்கு. மலை என்றதும் மனது ஒளிந்துகொள்ளும் இடமாக நினைத்துக்கொள்கிறது. ஆனால் மலைக்கு ஏறும் வழிகள் இரண்டு மூன்றுதான். 2018 நவம்பரில் கஜா புயல் உள்நாடு வந்தபோது கொடைக்கானலில் மரமும் மண்ணும் சரிந்து வழி அடைபட்டது. மதுரையிலிருந்து அங்கே ஏறக்குறைய 120 கிலோமீட்டர். கடைசி 50 கிலோமீட்டருக்கும் மேல் மலைச்சாலை. அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தால், இரவில், மழையில், அந்த வழியாகத்தான் இறங்க வேண்டும். அரிசியும் சிலிண்டரும் மாத்திரையும் கீழேயிருந்துதான் ஏறுகின்றன. தொற்றுக் காலத்தில் முதலில் மூடுவதும் மலைதான். 2020-ல் இ-பாஸ் இல்லாமல் ஏற முடியவில்லை. கட்டுமானத்துக்கு மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகள் வேறு இருக்கின்றன. தரகர்கள் அதைக் கடைசியில்தான் சொல்வார்கள். இத்தனைக்கும் பிறகு போய்ப் பார்ப்பதென்றால், சரிவில் நிற்கும் மரங்களின் அடிப்பகுதி வளைந்து மேலே நிமிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த மண் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஜே.சி.பி. வைத்துச் செங்குத்தாக வெட்டிச் சமன் செய்த மனையை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

பாட்டி வீட்டுக்கு வருவோம். மேலூர்ப் பக்கம் பெரியாற்றுப் பாசனம், ஒருபோகம். வாய்க்காலில் தண்ணீர் வரும் மாதங்களில் கிணறெல்லாம் தளும்பும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. கத்திரி வெயிலில் போய்ப் பாருங்கள். மழையில்லாத வருஷம் எப்படி இருக்கும் என்பதற்கு, வைகை அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்ட 2017-ஐ நினைத்துக்கொண்டால் போதும். சோதனை சுலபம். மாலையில் மோட்டாரை நிறுத்தி, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கித் தண்ணீர் மட்டத்தில் முடிச்சுப் போடுங்கள். காலையில் மறுபடி அளவெடுங்கள். 12 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஒரு அடித் தண்ணீர் என்பது சுமார் 3,200 லிட்டர். இரவில் அரையடி ஊறினாலே 1,600 லிட்டர். நெருக்கடியில் ஒரு ஆளுக்குக் குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 15 லிட்டர் குறைந்தபட்சம். அப்படியென்றால் அந்த அரையடி ஊற்று நூறு பேருக்குக் காணும். உங்கள் நான்கு பேருக்கு 60 லிட்டர்தான். மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் டேங்க் நிறைந்திருந்தால் சிக்கனமாக 16 நாள் ஓடும்.

கிணற்றை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிணற்றில் வாளி போடலாம், போர்வெல்லில் போட முடியாது. இந்தப் பக்கம் அடியில் கெட்டிப் பாறை. அதன் வெடிப்பில் ஓடும் தண்ணீரைத் தேடி 400, 600 அடி என்று இறக்கியிருப்பார்கள். கரண்ட் போனால் அது வெறும் ஓட்டை. அடிபம்பு சுமார் 150 அடி ஆழம் வரைதான் இழுக்கும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஒரு கிலோவாட்டுக்குப் பக்கத்தில் எடுத்தாலும், கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. 3 கேவிஏ ஜெனரேட்டர் வேண்டும், அதற்கு டீசலோ பெட்ரோலோ வேண்டும். மாடியில் சோலார் இருக்கிறதே என்பார்கள். மின்வாரிய லைனோடு இணைத்த சாதாரண சோலார், லைனில் கரண்ட் போன நொடியில் தானும் நின்றுவிடும். லைன்மேன் உயிருக்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கரண்ட் இல்லாத போது ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய அமைப்பு, அல்லது நேராகப் பம்புக்கென்றே போட்ட சோலார் வேண்டும். வாங்கும்போது இதைக் கேட்காமல் விட்டுவிட்டுப் பின்னால் புலம்புகிறவர்கள் நிறையப் பேர்.

கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் நடுவே 50 அடி இருக்கட்டும். தண்ணீர் தெளிவாக இருந்தால் 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் புது பிளீச்சிங் பவுடர். ஒரு வாளியில் கரைத்து, அடியில் சுண்ணாம்பு படியவிட்டு, மேலே நிற்பதை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள். வாயைத் திறந்து வைத்த பாக்கெட் சில வாரத்தில் வீரியம் இழந்துவிடும். அடுப்புக்குப் பஞ்சமில்லை, சீமைக்கருவேலம் வெட்ட வெட்ட வளர்கிறது. ஒரு மாதத்துக்கு 50 கிலோ அரிசி இந்தக் குடும்பத்துக்குத் தாராளம்.

பூட்டிக் கிடக்கும் வீடு நெருக்கடி நாளில் வீடாகாது. கரையான், பாம்பு, துண்டித்த மின் இணைப்பு, அடைத்த சாக்கடை எல்லாம் முதல் வாரத்திலேயே முகத்தில் அறையும். மின் கட்டணத்தை விடாமல் கட்டி இணைப்பை உயிரோடு வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நால்வரும் போய் மூன்று இரவு படுத்து எழுந்திருங்கள். எது இல்லை என்பது அப்போதுதான் தெரியும். இன்னொன்று, இதை நான் தண்ணீருக்கு அடுத்தபடியாக வைப்பேன். 2020 மார்ச்சில் பல கிராமங்கள் ஊர் எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்தன. பட்டணத்திலிருந்து வந்த சொந்தக்காரரையே சில இடங்களில் ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். உங்கள் வீடு அந்த ஊரில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிக்கும் தலைக்கட்டு வரி கட்டுகிற வீடா, சாவு வீட்டுக் கேதத்துக்கு வந்து நின்றவர்களா என்பதைப் பொறுத்து அன்று முள் விலகும். அந்த உறவை நெருக்கடி வந்தபின் உண்டாக்க முடியாது.

அப்பாவின் இன்சுலின் விஷயம். திறக்காத மருந்து ஃபிரிட்ஜில் 2 முதல் 8 பாகைக்குள், உறையாமல். திறந்தது பொதுவாக 4 வாரம், 30 பாகைக்குக் கீழே. ஃபிரிட்ஜ் நின்றுபோனால் பழைய வழி உதவும். பெரிய மண்பானைக்குள் சிறிய பானை, இரண்டுக்கும் நடுவே ஆற்று மணல், மணலை எப்போதும் ஈரமாக வைத்து, மருந்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்பானையில் மூடி, நிழலில் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். சித்திரை வெயிலில் வெளியைவிடப் பல பாகை குறையும். ஐப்பசி ஈரக்காற்றில் அவ்வளவாகக் குளிராது. உள்ளே ஒரு சின்ன தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மேலூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து மதுரை 30 கிலோமீட்டர், நால்வழிச் சாலை. கீழ்மலையை நான் கழிப்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

இப்படிப் பார்த்தால் உங்களுக்கு நான் சொல்வது: இடம் வாங்காதீர்கள். செல்லூரை விட்டே போக வேண்டியதும் இல்லை; தரைத்தளத்தை விட்டுப் போங்கள். அதே வட்டாரத்தில் மேட்டுத் தெருவில் ஒரு முதல் மாடி, தலைக்கு மேல் இன்னொரு தளம் இருப்பதாக. மொட்டைமாடிக்கு நேர் கீழ் அறை கரண்ட் இல்லாத கோடையில் வயதானவருக்கு அடுப்பு மாதிரி. கோரிப்பாளையத்தில் இருக்கும் ராஜாஜி மருத்துவமனை அங்கிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம். தொற்றுக்கும் அப்பாவின் உடம்புக்கும் அதுதான் நல்ல இடம். ஊர் முழுவதும் தண்ணீரோ பொருளோ நின்றுபோகும் நெருக்கடிக்குப் பாட்டி வீடு. எந்தப் பகுதி மேடு என்று பேர் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே வார்டுக்குள் தெருவுக்குத் தெரு மாறும். 2024 மழையில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று அந்தத் தெருவின் அயர்ன்காரரைக் கேளுங்கள், விரலால் தொட்டுக் காட்டுவார்.

எப்போது கிளம்புவது என்பதையும் இன்றே முடிவு செய்துவிடுங்கள். அன்று வீட்டில் ஆளுக்கு ஒன்று பேசுவார்கள். வானிலை மையம் ஆரஞ்சு என்றால் 24 மணி நேரத்தில் 11.5 செ.மீ.க்கு மேல் எதிர்பார்க்கிறது, சிவப்பு என்றால் 20 செ.மீ.க்கு மேல். கண்மாய் ஏற்கனவே நிறைந்திருக்கும் போது ஆரஞ்சு வந்தால், வீடு மாற்றும் வரைக்குமாவது, அன்று மாலையே அப்பாவும் குழந்தையும் மாடி வீட்டில் இருக்கும் உறவினர் எவரிடமாவது போய்விட வேண்டும். நீங்கள் இருந்து மெயினை அணைத்து, இன்வெர்ட்டர் பேட்டரியை மூன்றடிக்கு மேல் தூக்கி வைத்து, கக்கூஸ் கோப்பையிலும் குளியலறைத் துவாரத்திலும் பிளாஸ்டிக் பையில் கட்டிய மணல் மூட்டையை அழுத்தி வையுங்கள். தரைத்தளத்தில் முதலில் வருவது தெருத் தண்ணீர் இல்லை, சாக்கடை அந்த வழியாகத்தான் பொங்கி ஏறும்.